குதிரைக்குப் போட்ட ரோட்டில் வாடகைக் கார்: சான் ஹோசே முதல் மவுண்ட் ஹாமில்டன் வரை

முதலில் அந்த வாடகைக் கார் கவுண்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனசு ஆறாது. இணையத்தில் நாளுக்கு 42 டாலர் என்று காட்டிய கார், கவுண்டரில் 118 டாலர் ஆகிவிட்டது. எங்கே போகிறோம் என்று அந்த இளைஞர் சிரித்த முகத்தோடு கேட்டார். மலைக்கு என்றதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "சின்ன கார் இழுக்காது, பெரியது தருகிறேன்" என்று ஒரு 25 டாலர். அதற்குமேல் காப்பீடு. டோல் கட்டுவதற்கு ஒரு கருவி. வழியில் வண்டி நின்றால் கூப்பிட ஒரு 'சாலை உதவி'. நாங்கள் போகிற ரோட்டில் டோல் கேட்டே கிடையாது. சாலை உதவியைக் கூப்பிடப் பாதி வழியில் போனில் சிக்னலும் கிடையாது. ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, அதே சின்ன காரில்தான் போவேன் என்று நின்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் காப்பீட்டை மட்டும் விட்டுவைத்து 71 டாலரில் முடிந்தது. அந்தச் சின்ன கார் மலையில் ஒரு இடத்தில்கூட முனகவில்லை. முனகவும் முனகாது, ஏனென்றால் அந்த ரோடு குதிரைக்காகப் போட்டது.

கலிஃபோர்னியா மாநில நெடுஞ்சாலை எண் 130. சான் ஹோசே நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, மவுண்ட் ஹாமில்டன் உச்சியில் இருக்கும் லிக் வானாய்வகத்தில் முடிந்துவிடுகிறது. மொத்தமே சுமார் 36 கிலோமீட்டர். அலுவலக வேலையாக சான் ஹோசே வந்த நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் கோல்டன் கேட், பசிபிக் கடற்கரை ரோடு, 17 மைல் டிரைவ் என்று ஒரே பட்டியல்தான் சொல்வார்கள். கடற்கரை ரோட்டில் சனிக்கிழமை போய்ப் பாருங்கள், முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்துவிட்டு வரலாம். 17 மைல் டிரைவில் உள்ளே நுழையவே காசு. இங்கே எதற்கும் காசு இல்லை. அலுவலக ஜன்னலில் நின்றால் கிழக்கே மலைமேல் வெள்ளை வெள்ளையாகக் குமிழ்கள் தெரியும். அதைத் தினம் பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக மேலே போகாதவர்கள் எத்தனை பேர்!

நண்பனும் அவன் அம்மாவும் கூட வந்தார்கள். அவனுடைய கார் பணிமனையில் கிடந்ததால்தான் இந்த வாடகைக் கூத்தே. அம்மா குன்னூர்ப் பக்கம். ஆறு மாத விசாவில் வந்து, வால்மார்ட்டையும் காஸ்ட்கோவையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தார்.

இந்த ரோடு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜேம்ஸ் லிக் என்று ஒருவர், பென்சில்வேனியாவில் பிறந்த தச்சர். தென் அமெரிக்காவில் பியானோ செய்து விற்றுப் பணம் சேர்த்தார். 1848 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைப்பதற்குப் பதினேழு நாள் முன்னால், சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். கையில் 30,000 டாலர் மதிப்புள்ள தங்கம், கூடவே 600 பவுண்டு சாக்லேட். சாக்லேட் பெரு நாட்டில் அவருடைய பக்கத்துக் கடைக்காரர் கிராடெல்லி செய்தது. அது சட்டென்று விற்றுப்போனதைப் பார்த்து லிக் எழுதிய கடிதம்தான் கிராடெல்லியையும் இந்தப் பக்கம் இழுத்து வந்தது. இன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் அடைத்துப் போகிற அதே கிராடெல்லி. மற்றவர்கள் தங்கம் தோண்ட ஓடியபோது லிக் மண்ணை வாங்கிப் போட்டார். கடைசியில் கலிஃபோர்னியாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார்.

பணம் இருக்கிறது, உடம்பு விழுந்துவிட்டது, பெயர் நிற்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நடுவில் கீசா பிரமிடைவிடப் பெரிதாக ஒரு பிரமிடு கட்டலாம் என்றுதான் முதலில் யோசித்தாராம். ஜார்ஜ் டேவிட்சன் என்ற விஞ்ஞானி பேசிப் பேசி அதைத் தொலைநோக்கிப் பக்கம் திருப்பினார். உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி செய்ய 7 லட்சம் டாலர் எழுதி வைத்தார் லிக். இடமாக மவுண்ட் ஹாமில்டன் முடிவானபோது மனுஷர் ஒரு நிபந்தனை போட்டார்: உச்சி வரை முதல் தரமான ரோட்டை சாண்டா கிளாரா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தன் செலவில் போட்டுத் தர வேண்டும். அவர் பாக்கெட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரு பைசா கிடையாது. கவுண்டிக்காரர்களும் ஒத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். 1876 டிசம்பரில் ரோடு முடிந்தது. லிக் அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டார். ரோட்டுக்காக அடம்பிடித்தவர் அதன்மேல் ஒருநாளும் பயணம் செய்ததில்லை.

இப்போது குதிரைக்கு வருகிறேன். மேலே போக வேண்டிய செங்கல், இரும்பு, இயந்திரம் எல்லாமே குதிரையும் கோவேறு கழுதையும் இழுக்கும் வண்டியில்தான் ஏற வேண்டும். அதனால் நூறடிக்கு ஆறரை அடிக்கு மேல் ஏற்றம் இருக்கக்கூடாது என்று கணக்கு வைத்து ரோட்டை வளைத்தார்கள். ஏற்றத்தைக் குறைத்தால் நீளம் கூடும், நீளத்தை மலைமேல் சுருட்டினால் வளைவு கூடும். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வளைவு, மொத்தம் 365 என்று உள்ளூரில் சொல்வார்கள். நான் எண்ணவில்லை, எண்ணுகிற நிலையில் யாரும் இல்லை. கொல்லிமலையில் 70-ல் இத்தனையாவது என்று கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு பலகை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இங்கே ஒன்றும் கிடையாது. இன்னும் எத்தனை பாக்கி என்று தெரியாமலே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆலம் ராக் அவென்யூவிலிருந்து வலப்பக்கம் திரும்பியதும் ஏற்றம் ஆரம்பம். ஏப்ரல் மாதம், குன்றெல்லாம் பச்சை, நடுநடுவே ஆரஞ்சு நிற பாப்பிப் பூ. ஜூன் வந்தால் இதெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும் என்றான் நண்பன். முதல் மலையை ஏறி முடித்ததும் ரோடு மறுபடி கீழே இறங்கி, ஹால்ஸ் பள்ளத்தாக்குக்குள் போகிறது. ஜோசப் டி. கிராண்ட் பூங்கா அங்கேதான். அப்புறம் இன்னொரு ஏற்றம், இன்னொரு இறக்கம், ஸ்மித் கிரீக் ஓடைப் பாலம். இத்தனை நேரம் ஏறியதை இப்படி இரண்டு தடவை திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று சைக்கிள்காரர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. அத்தனை பேர் சைக்கிளில் ஏறுகிறார்கள், அதில் நரைத்த தலைகள்தான் அதிகம்.

பாலத்தைத் தாண்டியதும்தான் அசல் விளையாட்டு. உச்சி தலைக்குமேல் தெரிகிறது, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. ஆனால் ரோடு இன்னும் 11 கிலோமீட்டர் பாக்கி. மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறது. வானாய்வகம் வலப்பக்கம் தெரியும், இடப்பக்கம் போகும், காணாமல் போகும், மறுபடி வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பல இடங்களில் தடுப்புக் கம்பிகூட இல்லை.

"எனக்கு ஊட்டி ரோடே ஜுஜுபிடா" என்று கிளம்பும்போது சொன்ன நண்பன், பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். "மச்சான், கொஞ்சம் ஓரங்கட்டுடா" என்ற குரலே மாறியிருந்தது. அம்மா கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவன் மூக்கில் வைத்தார். "நான் கல்யாணத்துக்கு முன்னாடி வாராவாரம் மேட்டுப்பாளையம் பஸ்ல போய் வந்தவ. இவன் அவங்க அப்பா மாதிரி தம்பி, அவருக்கும் பஸ் ஆகாது" என்றார் என்னிடம். எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. கலிஃபோர்னியாவில் மெதுவாகப் போகிறவர் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவது சட்டம். அதற்கென்றே ரோட்டோரம் ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன. கூச்சப்படாமல் ஒதுங்குங்கள். பிடிவாதமாக முன்னால் போய்க்கொண்டே இருந்த ஒரு வெள்ளை வேன்காரரால் எங்கள் கால் மணி நேரம் போயிற்று.

உச்சி சுமார் 1,280 மீட்டர். காற்று ஆளைத் தள்ளியது. நுழைவு இலவசம், வண்டி நிறுத்தவும் இலவசம். பெரிய குவிமாடத்துக்குள் ஒரு ஆள் நின்று விளக்கம் சொல்கிறார். 36 அங்குல லென்ஸ், 57 அடி நீளக் குழாய். 1888-ல் வேலை ஆரம்பித்தபோது லென்ஸ் வகைத் தொலைநோக்கிகளில் உலகத்திலேயே பெரியது இதுதான். 1897-ல் யெர்க்ஸ் வானாய்வகம் 40 அங்குலத்தோடு வந்து முந்திக்கொண்டது. தொலைநோக்கி சாயச் சாயப் பார்க்கிற முனை மேலும் கீழும் போகுமே, அதை எட்ட ஏணி வைக்கவில்லை. குவிமாடத்தின் மரத்தரை மொத்தமுமே லிஃப்ட் போல ஏறி இறங்கும். அந்தக் காலத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் இயக்கினார்களாம். 1892-ல் எட்வர்ட் பர்னார்ட் வியாழனின் ஐந்தாவது நிலாவைக் கண்டுபிடித்தது இங்கே நின்றுதான். கலிலியோ 1610-ல் நான்கைப் பார்த்த பிறகு, இத்தனை காலம் யார் கண்ணிலும் படாத ஐந்தாவது.

தொலைநோக்கியைத் தாங்கும் தூணின் அடியில் ஒரு சின்னப் பலகை: ஜேம்ஸ் லிக்கின் உடல் இங்கே இருக்கிறது என்று. சான் பிரான்சிஸ்கோவில் புதைத்திருந்தவரை 1887 ஜனவரியில் எடுத்து, அதே ரோடு வழியாக மேலே கொண்டு வந்து இங்கே வைத்திருக்கிறார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா இரண்டடி பின்னால் போனார். "சமாதி மேலயா மிஷினை நிறுத்தி வச்சிருக்காங்க? ராத்திரி தனியா உக்காந்து பாக்கறவனுக்குப் பயமா இருக்காது?" விளக்கம் சொன்னவரிடம் கேட்டேன். பழகிவிடும் என்று சிரித்தார்.

மேற்கே சான் ஹோசே முழுக்கத் தெரிகிறது. அதுதான் தொலைநோக்கிக்கு எமன். ஊர் வளர வளர வெளிச்சம் வானத்தைக் கெடுத்தது. 1980 வாக்கில் நகராட்சி தெருவிளக்குகளை மஞ்சள் சோடியம் விளக்காக மாற்ற ஒத்துக்கொண்டது, அந்த ஒற்றை நிறத்தை வடிகட்டுவது வானியலாளர்களுக்குச் சுலபம் என்பதால். நன்றிக் கடனாக ஒரு சிறுகோளுக்கு சான் ஹோசே என்று பெயர் வைத்தார்கள். 2020 ஆகஸ்டில் மின்னலால் பற்றிய காட்டுத்தீ உச்சி வரைக்கும் வந்து, ஊழியர் குடியிருப்பில் ஒரு வீட்டை எரித்தது. தொலைநோக்கிகள் தப்பித்தன. சரிவில் கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன.

இந்த நெடுஞ்சாலையில் எனக்குப் பிடித்த இன்னொரு கூத்து: சட்டப் புத்தகத்தில் இது மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, பேட்டர்சன் ஊருக்கருகே 33-ஆம் எண் சாலை வரை போகிறது. தரையில் மாநில ரோடு வானாய்வகத்தோடு சரி. அந்தப் பக்கம் இருப்பது கவுண்டியின் குறுகலான ரோடு. சான் அன்டோனியோ பள்ளத்தாக்கு வழியாக லிவர்மோர் போகலாம். எனக்குப் போக ஆசை. பின் சீட்டில் இருந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திருப்பினேன்.

போகிறவர்களுக்கு: பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் குறைந்த கியரில் வாருங்கள். மேலே ஓட்டல், டீக்கடை எதுவும் கிடையாது. வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள். கோடையில் சில இரவுகள் டிக்கெட் போட்டு அந்தப் பெரிய தொலைநோக்கி வழியாகப் பார்க்க விடுகிறார்கள். அந்த டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை.

சாப்பாட்டை மறந்துவிட்டேனே! இறங்கி வந்தால் கிழக்கு சான் ஹோசே, மெக்சிகோக்காரர்கள் நிறைய வாழும் பகுதி. ஆலம் ராக் அவென்யூவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஒரு சின்னக் கடை. ஒரு டாக்கோ மூன்று டாலர். செங்குத்துக் கம்பியில் அடுக்கிய பன்றி இறைச்சியை மெலிதாகச் சீவி, உள்ளங்கை அளவு சோள ரொட்டியில் போட்டு, மேலே ஒரு துண்டு அன்னாசி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. பச்சை சட்னி ஒன்று வைத்தார்கள், நாக்கு உறைக்க உறைக்க மறுபடி தொடத் தோன்றியது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் 19 டாலருக்கு விற்கிற சாலட்டையெல்லாம் இதற்குமுன் வைக்கவே முடியாது. வயிறு சரியாகிவிட்ட நண்பன் ஆறு டாக்கோ உள்ளே தள்ளினான்.

அம்மா சைவம். இந்தக் கடைகளில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது. கவுண்டரில் இருந்த பெண்மணி பீன்ஸ் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பச்சையாக நீள நீளமாக நறுக்கி வதக்கிய ஏதோ ஒன்றைக் காட்டினார். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார், முள் எடுத்த தழும்பைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இது சப்பாத்திக்கள்ளிடா! நாங்க பழம் மட்டும்தான் திம்போம், இவங்க மட்டையையே பொரியல் பண்றாங்க." வெண்டைக்காயின் கொழகொழப்பும் லேசான புளிப்புமாக நன்றாகவே இருந்தது. இன்னொரு தட்டு வாங்கினார். மூன்று பேருக்கும் சேர்த்து 38 டாலர், டிப்ஸ் தனி. முள்ளை எப்படி எடுப்பது என்று அந்தப் பெண்மணி கத்தியால் சைகை காட்ட, அம்மா தமிழிலேயே சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். காரை ஏழு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் கிளப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.