பணம் போச்சா, போகலையா?

பேரனோடு வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கூட வங்கிச் செயலி என்றதும் கையை இழுத்துக்கொள்வார். 'வயசாயிடுச்சு, டெக்னாலஜி புரியாது' என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

மக்கள் ஒரு புதுத் தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று 1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதியபோது இரண்டைத்தான் முன்னே வைத்தார்: இதனால் பயன் உண்டா, கையாளச் சுலபமா. 2003இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரின் குழுவினர், சுற்றியிருப்பவர்களின் பேச்சையும் சந்தேகம் கேட்க ஆள் இருப்பதையும் சேர்த்தார்கள். இரண்டுமே அலுவலக மென்பொருளை வைத்துப் பிறந்தவை. அங்கே தப்பாக அழுத்தினால் கோப்பு போகும். வங்கிச் செயலியில் சேமிப்பே போகும். பெரியவர்களைத் தடுப்பது அந்தப் பயம்தான்.

'அனுப்பு' என்று தட்டியதும் வட்டம் சுற்றுகிறதே, அங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். முதலில் நம் கணக்கில் தொகை கழியும், பிறகு எதிர் வங்கிக்குத் தகவல் போகும். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால் பணம் சேர்ந்ததா என்று திரைக்கே தெரியாது. செயலியோ 'பிழை, மீண்டும் முயலவும்' என்கிறது. அதை நம்பி மறுபடி தட்டினால் இரண்டு முறை போய்விடலாம். செய்ய வேண்டியது இதுதான்: பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'நிலுவை' என்றிருந்தால் குறிப்பு எண்ணை எழுதிக்கொண்டு காத்திருங்கள். 'தோல்வி' என்று தெளிவாக வந்தால் மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

ஓடிபி இன்னொரு தொல்லை. எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் முதலிலிருந்து தொடங்கும். சில முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்கக் கிளைக்குப் போ என்பார்கள். அதற்குப் பேசாமல் முதலிலேயே கிளைக்குப் போயிருக்கலாம் என்று தோன்றாதா?

சொல்லிக்கொடுக்கிறோம் என்று பிள்ளைகளே எல்லாவற்றையும் தட்டி, பாஸ்வேர்டையும் தாங்களே வைத்துக்கொள்வதில் பயனில்லை. போன் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். முதல் சில வாரம் இருப்பு மட்டும் பார்க்கட்டும். பிறகு தெரிந்தவர் ஒருவருக்குச் சின்னத் தொகை அனுப்பி, 'வந்துச்சா?' என்று போனில் கேட்கட்டும். தினசரி வரம்பைக் குறைத்து வையுங்கள். பெரிய சேமிப்பு இந்தச் செயலியில் சேராத வேறு கணக்கில் இருக்கட்டும். போனால் இவ்வளவுதான் போகும் என்று தெரிந்தால் விரல் தானாக நகரும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகும் பாஸ்புக்கில் பதிவு போடக் கிளைக்கு நடப்பார். கேலி வேண்டாம். தாளும் திரையும் நாலைந்து தடவை ஒத்துப்போனால் அந்த நடை குறையும்.