ஒரு பேருந்து எத்தனை கார்?

போக்குவரத்துத் திட்டமிடலில் வேலைக்குச் சேரும் யாருக்கும் முதலில் கையில் கிடைப்பது எண்ணிக்கைப் படிவம்தான். ஒரு சிக்னலில் உட்கார்ந்து, போகிற வண்டிகளை வகை பிரித்துக் கோடு போட வேண்டும். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. இப்போது கேமரா வைத்து எண்ணுகிறார்கள். ஆனால் கார், ஆட்டோ, பைக், பஸ், லாரி, சைக்கிள் என்ற கட்டங்கள் பெரும்பாலும் பழையவைதான். கிண்டியில் படித்துவிட்டு, சென்னையிலேயே ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து, அண்ணா சாலை, ஜிஎஸ்டி சாலை, பழைய மகாபலிபுரம் சாலை என்று பல இடங்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன், பிறகு மற்றவர்களைச் செய்ய வைத்திருக்கிறேன்.

எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் காராக மாற்றுவோம். பி.சி.யு. (பாசஞ்சர் கார் யூனிட்) என்று அதைச் சொல்வோம். ஒரு வண்டி சாலையில் எத்தனை காரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு அது. சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி) 1990இல் வெளியிட்ட ஐஆர்சி 106 நெறிமுறையில் இதற்கு அட்டவணை இருக்கிறது. கார் 1. பைக் 0.5 முதல் 0.75 வரை. பேருந்து 2.2 முதல் 3.7 வரை. சாலையின் கொள்ளளவைப் பார்க்க இந்தக் கணக்கு தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலை எட்டரை மணிக்குப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி, படிக்கட்டு வரை ஆள் நிறைந்து வந்தாலும் படிவத்தில் மூன்று கார் மாதிரிதான் பதிவாகும். அந்த மூன்று காரிலும் சேர்ந்து ஐந்து பேர் இருப்பார்கள். அறிக்கையில் பி.சி.யு. எண்ணிக்கையின் வரைபடம் உயர்ந்து நிற்கும், அதைப் பார்ப்பவர் மேம்பாலம் கேட்பார். பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்கள் அந்த வரைபடத்தில் எங்கேயும் இல்லை. நடந்து போகிறவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு, ஆனால் டெண்டரில் கேட்டிருந்தால்தான் அதை நிரப்புவோம்.

2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று தெளிவாகவே சொன்னது. 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. கொள்கை மாறிவிட்டது, ஆனால் களத்தில் இறங்கும் படிவம் அதே இடத்தில் நிற்கிறது. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் சாலை போடுகிறோம் என்பதை நான் மிகவும் நம்புகிறேன். அதனால் நான் பொறுப்பேற்கும் கணக்கெடுப்பில் பஸ்ஸுக்கு இன்னொரு கட்டம் சேர்க்கிறேன்: சீட் காலி, சீட் நிறைந்தது, சிலர் நிற்கிறார்கள், நெரிசல், படியில் தொங்கல். கண்ணால் பார்த்து ஒரு டிக் போட்டால் போதும். நாள் முடிவில் அந்தச் சாலையில் எத்தனை பேர் போனார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வாடிக்கையாளரிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

எண்ணுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், நாள்கூலி. வெயிலில், புகையில், பதினாறு மணி நேரக் கணக்கெடுப்பில் ஷிஃப்ட் மாற்றி மாற்றி உட்காருவார்கள். பெண்கள் வந்தால் கழிப்பறைக்கு எங்கே போவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதனால் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள். அப்புறம் மேற்பார்வையாளர், "பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குத் தாங்க மாட்டார்கள்" என்று எழுதி வைப்பார். இது என்னைக் கோபப்படுத்தும் விஷயம். பக்கத்தில் பெட்ரோல் பங்கோ ஹோட்டலோ இருக்கிற இடமாகப் பார்த்து, முன்கூட்டியே பேசி வைத்து, நிழலுக்குப் பெரிய குடை, இரவு வீட்டில் கொண்டுபோய் விட வண்டி ஆகியவற்றின் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். சேர்த்த இடங்களில் ஆட்கள் இரண்டாம் நாளும் வந்தார்கள், படிவங்களும் ஒழுங்காக வந்தன. தமிழ்நாட்டில் 1993இலேயே வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். 2015இல் சென்னை மெட்ரோவின் முதல் ரயிலை ஓட்டியதும் ஒரு பெண்தான். பெண்களால் முடியுமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துபோனது. வேலை செய்கிற இடத்தைத்தான் நாம் இன்னும் சரிசெய்யவில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் பஸ் நிலையத்து டைம் கீப்பர்களும் கண்டக்டர்களும்தான். ஒரு டைம் கீப்பர் சொன்னார்: "ஷெட்யூல்ல காலைலயும் மத்தியானமும் ஒரே ரன்னிங் டைம் போட்டிருக்காங்கம்மா. காலைல அந்த நேரத்துல போய்ச் சேரவே முடியாது. லேட்டானா கட் சர்வீஸ்தான்." கட் சர்வீஸ் என்றால் வண்டி கடைசி வரை போகாது, நடுவிலேயே திரும்பிவிடும். பாதிக்கப்படுவது கடைசி ஸ்டாப்பில் இருப்பவர்கள், அதாவது ஊரின் ஓரத்துக்கு மாற்றிக் குடிவைக்கப்பட்டவர்கள், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள். "சரி சார், இதை யாரிடமாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "கேட்டாத்தானம்மா குடுக்கறதுக்கு" என்றார். பிறகு ஜிபிஎஸ் தரவை வாங்கி வாரக்கணக்கில் அலசியபோது, அவர் சொன்னதே படமாக வந்தது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதைப் பற்றிய வாதங்கள் எல்லாம் பணத்தைச் சுற்றியே நடந்தன. திட்டமிடுகிறவளாக எனக்கு அதில் இன்னொரு பயன் தெரிந்தது. கண்டக்டர் கொடுக்கும் அந்தக் கட்டணமில்லா டிக்கெட், ஒரு பெண் எந்த ஸ்டேஜில், எத்தனை மணிக்கு ஏறினார் என்பதற்கான பதிவு. ஆபீஸ் நேரத்தை மட்டும் உச்ச நேரமாக வைத்துத் திட்டம் போட்டவர்கள், ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் நடுப்பகலில் போகிற பயணங்களை அதில் பார்க்க முடியும். பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்து தாழ்தளப் பேருந்து, அதாவது சக்கர நாற்காலியோடும் ஏறும்படி தளம் தாழ்வாக இருக்கும் வண்டி. மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான் இது வந்தது. 2024இல் டீசலில் ஓடுபவை வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின, அவையும் தாழ்தளம். வண்டித் தளம் தரையிலிருந்து 400 மி.மீ. நடைபாதை உயரம் ஐஆர்சி 103 நெறிமுறைப்படி 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வண்டி நடைபாதையை ஒட்டி நின்றால், வாசலிலிருந்து இறக்கும் சாய்தளப் பலகை ஏற வேண்டிய உயரம் 250 மி.மீ. மட்டுமே, ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும் வசதியைப் பயன்படுத்தினால் இன்னும் குறையும். ஆனால் ஸ்டாப்பில் ஆட்டோவும் பைக்கும் நிற்க, வண்டி நடுரோட்டில் நின்றால், சாய்தளம் தார் மீது இறங்கும். ஏற்றம் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் எங்கள் ஆய்வின்போது, "பஸ் என் பக்கத்துல வரணும், நான் ட்ராஃபிக்ல இறங்கிப் போய் ஏற முடியாதுங்க" என்றார். அவரை அழைத்துக் கருத்துக் கேட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்புவது முறையல்ல. இப்போது ஸ்டாப் தணிக்கைக்கு மாற்றுத்திறனாளிகளை மற்ற நிபுணர்களைப் போலவே கட்டணம் கொடுத்து அமர்த்துகிறோம்.

மின்சாரப் பேருந்துகளில் டிரைவர் தனியார் நிறுவனத்து ஆள், கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்து ஆள். நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். புகை குறைவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் கிலோமீட்டர் மட்டுமே அளவுகோலாக இருந்தால், ஸ்டாப்பில் ஒட்டி நிறுத்தி, சாய்தளம் இறக்கி, ஒருவரை நிதானமாக ஏற்றிக்கொள்ளும் டிரைவருக்கு அது வீணான நேரமாகத் தெரியும். சார்ஜ் ஏறும் நேரத்தில் அவர் எங்கே உட்காருவார், சாப்பிடுவார் என்பதும் ஷெட்யூல் போடுகிறவரின் வேலைதான்.

இப்போது கையில் இருக்கும் ஒரு திட்டத்தில் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஓடிய தூரத்தோடு, நடைபாதையை ஒட்டி நின்ற ஸ்டாப்புகள், இறக்கிய சாய்தளங்கள், டிரைவரின் ஓய்வு நேரம், வருடாந்தரப் பயிற்சி ஆகியவையும் அளவிடப்பட வேண்டும், அவற்றுக்கும் பணம் இருக்க வேண்டும். ஓய்வு நேரத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஸ்டாப்புகளை யார் எண்ணுவது என்பதில் பேச்சு இழுக்கிறது. அந்த டைம் கீப்பரையும் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன்.