தொட்டபெட்டா எந்தக் கடலிலிருந்து 2,637 மீட்டர்?

நவம்பர் 4, ஊட்டி

விடாத மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. ராமேஸ்வரத்தில் பத்து நாள் வெயிலில் காய்ந்த உடம்பு இங்கே விறைத்துக் கிடக்கிறது. களக்குறிப்பு நோட்டைப் போர்வைக்குள் வைத்துப் புரட்டினால் அம்மா கேட்கிறாள்: "கடல அளக்கப் போனவ, இங்க படுத்துக்கிட்டு என்னடி அளக்குற?"

தீவில் நீருக்கு வெளியே நிற்கும் பழைய பவளப்பாறையைத்தான் அளந்தோம். கடல் வற்றும்போதும் நனைந்திருக்கும் இடத்தில்தான் இந்தப் பவளம் உயிர் வாழும். வளர்ந்த வாக்கிலேயே அது கரைமேல் நின்றால், அன்று கடல் குறைந்தது அந்த உயரத்துக்காவது இருந்திருக்கிறது. புயல் தூக்கியெறிந்த துண்டு தலைகீழாகக் கிடக்கும். அது சாட்சிக்கு ஆகாது. ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை என்ற ஆய்வாளர்கள் 1972இலேயே இந்தப் பாறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை வைத்துக் கணித்த வயது சுமார் 4,000 ஆண்டு. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் பவளம் தன் வயதைச் சில நூறு ஆண்டு கூட்டியே சொல்லும். அதைக் கழிக்க வேண்டும்.

நவம்பர் 5

ராத்திரி அப்பா: "கடல் இறங்குச்சா, கரை ஏறுச்சா?"

பேராசிரியர்கள் சண்டை போடும் கேள்வியை ராகிக் களி உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டார். ஒரு பாறை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. ஒரே வயதுள்ள பாறைகள் கரை நெடுக ஒரே உயரத்தில் இருந்தால் கடல்மேல் சந்தேகப்படலாம். ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் இருந்தால் நிலத்தின் மேல். "அப்ப நம்ம தொட்டபெட்டா?" என்றார். இன்றைய கடலிலிருந்து 2,637 மீட்டர். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் உலகின் நீர் பனியாக உறைந்து கிடந்தபோது கடல் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. மலை அசையாமலே 2,757 மீட்டர் ஆகியிருக்கும். பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது.

நவம்பர் 7

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். ஆறாவது இடத்தில் நீர்மட்டத்திலிருந்து பாறை உச்சிவரை அளந்திருக்கிறேன், நேரம் எழுதவில்லை. அப்போது கடல் ஏற்றமா வற்றமா தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நாங்கள் தேடும் வித்தியாசமே ஒரு மீட்டர் அளவுதான். அரை மீட்டர் பிசகினால் பாதிக் கதை போச்சு.

நவம்பர் 8

கேரட் கழுவினேன். எழுதவில்லை.

நவம்பர் 9

மழை விட்டது. சாண்டிநல்லா வரை போனேன். கரிய சதுப்பு மண்ணில் கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகிறது. இங்கே அடுக்கடுக்காக மட்கிய புல்லின் கார்பனைத்தான் சுகுமாரும் சகாக்களும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். வறட்சி தாங்கும் புல்லும் ஈரம் விரும்பும் செடியும் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பனை வேறுவேறு அளவில் சேர்க்கின்றன. கடல் கீழே கிடந்த அதே பனிக்காலத்தில் இந்த மேட்டில் வறண்ட புல்தான் மிகுந்திருந்தது, பருவமழை மெலிந்திருக்கிறது. கடலைத் தேடி ராமேஸ்வரம் போன நான், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த இதைப் படித்ததோடு சரி. இன்றுதான் மிதித்தேன்.

நவம்பர் 11

தோழி படம் அனுப்பினாள். ஆறாவது இடம், பாறைமேல் அளவுகோலைப் பிடித்தபடி நான். மூலையில் நேரம்: 3.42. ஏற்றவற்ற அட்டவணையை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அது அவள் அண்ணனின் பழைய கேமரா. கடிகாரம் சரியாக ஓடியதா என்று கேட்டிருக்கிறேன்.