‘எ பிட் லோ’ என்றால் எவ்வளவு?

இங்கிலாந்துக்குச் செவிலியர் பணிக்குப் போக முயலும் டெல்டாப் பெண்களுக்குக் குளிரைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் எச்சரிக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்நாட்டவர் தம் மனத் தளர்ச்சியை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், பிறரை மனம் தளரச் செய்ய நேரும்போது எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கே நிலைகொள்ள முயன்ற காலத்தில் எனக்கு மிக மெதுவாகப் பிடிபட்ட பாடம் இதுதான் என்பதால், விடுப்பில் மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருக்கும் இந்த நாட்களில் அதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

புறப்படுவதற்கு முன், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்காகத் தஞ்சாவூரில் படித்தபோது, டிஸ்கரேஜ், டிஸ்ஹார்ட்டன், டிஸ்பிரிட், டிஜெக்ட், டிப்ரெஸ், டிமாரலைஸ், டான்ட் என்று ஒரு பக்கம் நிறைய வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். எல்லாவற்றுக்கும் நேரே ‘ஊக்கமிழக்கச் செய்’ என்ற ஒரே பொருள்தான் எழுதப்பட்டிருந்தது. அவற்றின் உட்புறத்தைப் பின்னாளில் அகராதியில் பார்த்தபோதுதான் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெரிந்தது. டிஸ்கரேஜ் என்பதற்குள் இருக்கும் கரேஜ், இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. டிஸ்ஹார்ட்டனில் அதே இதயம் ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லாகவே உட்கார்ந்திருக்கிறது. டிஜெக்ட் கீழே எறிகிறது, டிப்ரெஸ் கீழே அழுத்துகிறது. டான்ட் என்பது விலங்கைப் பழக்கி அடக்குவதைச் சொன்ன லத்தீன் வினையின் வழி வந்தது. டிஸப்பாயின்ட் தொடக்கத்தில் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவதைத்தான் குறித்தது. எனக்கு மிகவும் பிடித்தது, வருத்தத்தைச் சொல்லும் சேட் என்ற எளிய சொல்லின் கதை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயிறு நிறைந்து சலித்துப்போன நிலை என்று பொருள்; அதன் உறவுச் சொல்லான ‘ஸட்’ ஜெர்மன் மொழியில் இன்றும் பசியடங்கியவரையே குறிக்கிறது. இதை அப்பாயியிடம் சொன்னபோது, “வயிறு ரொம்புனவளுக்கு என்னடி வருத்தம்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

வார்டில் இந்தப் பெரிய சொற்கள் எதுவும் காதில் விழவில்லை. அங்கே முதியவர்கள் சொல்வது ‘எ பிட் லோ’, ‘எ பிட் டவுன்’ (இரண்டும் ‘கொஞ்சம் சோர்வு’தான்), ‘ஃபெட் அப்’ (சலித்துவிட்டது), ‘நாட் கிரேட்’ (அவ்வளவு நன்றாக இல்லை). அதற்கு மேல் போனால் ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’, அதாவது குறை சொல்லக் கூடாது. (ஃபெட் அப் என்பதும் ஊட்டி நிரப்பப்பட்ட நிலையே; மறுபடியும் வயிறுதான்.) பார்க்க வருவதாகச் சொன்ன மகன் வராமற்போன நாளில், காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஒரு பெரியவர், ‘எ பிட் டிஸப்பாயின்டட், லவ்’ என்று சொல்லிச் சிரித்தார். அதில் ‘எ பிட்’ என்ற சிறு சொல்லை மட்டும் கேட்டால், ஒரு தேநீர் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். உடனிருந்த மூத்த செவிலியரோ அவருடைய குறிப்பேட்டில் ‘லோ இன் மூட்’ என்று எழுதி, உணவு மறுத்ததையும் சேர்த்து, மாலைப் பணிமாற்றத்தின்போது அதை முதல் செய்தியாகச் சொன்னார். இளைஞர்களிடம் கணக்கு தலைகீழாக இருந்தது. தங்கள் கால்பந்து அணி தோற்றாலே அவர்கள் ‘கட்டட்’ என்பார்கள். மீனின் குடலை எடுத்துத் துப்புரவு செய்வதைக் குறிக்கும் சொல் அது. நாகப்பட்டினத்தில் மீன் அரிபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் சற்று அதிகமாகவே படும். விளையாட்டுத் தோல்விக்குக் குடலை உருவும் சொல்லையும், தனிமைக்கு ‘கொஞ்சம்’ என்ற சொல்லையும் ஒதுக்கியிருக்கும் அந்தப் பங்கீடு எனக்கு இன்றும் முழுவதும் ஏற்புடையதாக இல்லை, ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே நோயாளியைக் கவனிக்க முடியாது.

நம்மிடம் வாடு, வாட்டு, வருந்து, வருத்து, கலங்கு, கலக்கு என்று தானே நிகழ்வதற்கும் பிறர் செய்வதற்கும் இணை இணையாக வினைகள் இருக்கின்றன. இருந்தும், பேச்சில் முதல் வகையைத்தான் அதிகம் கேட்கிறோம். வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை, 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. ஆற்றுநீரை நம்பிக் குறுவை விதைக்க முடியாமற்போன அப்பா, தொலைபேசியில் “மனசு விட்டுப்போச்சும்மா” என்றார். அந்த வாக்கியத்தில் மனசுதான் எழுவாய். அதைச் செய்தவர் என்று யாரும் இல்லை. இதை உடன் பணிபுரிபவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல முயன்றபோது, ‘வாட் காட் ஹிம் டவுன்?’, அதாவது அவரைத் தளரச் செய்தது எது என்று உடனே கேட்டார். மழையா, அண்டை மாநிலமா, அரசா, கடனா என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியதாயிற்று. அந்த மொழி, செய்தவரை முன்னிறுத்திக் கேட்கிறது. இதனால்தான் நம்மவர் பலர் டிஸப்பாயின்டட், டிஸப்பாயின்டிங் இரண்டுக்கும் இடையே தடுமாறுகிறார்கள். முதலாவது ஏமாற்றமடைந்தவர், இரண்டாவது ஏமாற்றம் தருபவர். இடம் மாறினால், வருத்தப்பட்டவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டவராகிவிடுவார்.

மற்றொரு சொல்லில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பேருந்து தவறினாலும் ‘ஒரே டிப்ரஷனா இருக்கு’ என்று சொல்வது இங்கே வழக்கம். அங்கே மருத்துவரிடம் அதைச் சொன்னால், அது ஒரு நோயின் பெயராகவே எடுத்துக்கொள்ளப்படும். மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளை அவர் கொடுக்கக்கூடும். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. உறக்கமும் பசியும் களைப்பும்கூட அதில் கேட்கப்படுகின்றன. நெஞ்சுப் படபடப்பு, உடம்பு அசதி, தலைபாரம் என்று உடலின் வழியாகவே துயரத்தைச் சொல்லிப் பழகிய நமக்கு, அந்தக் கேள்விகளே பேச்சைத் தொடங்க வசதியானவை. விளையாட்டாகச் சொல்லக் கூடாத சொல் என்பதால் தேவைப்படும்போதும் அதைச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் பேச்சுவழிச் சிகிச்சைக்கு மருத்துவர் பரிந்துரை இல்லாமல் நாமே பதிவுசெய்துகொள்ளலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும் ஊரில் இந்த விவரம் கையில் இருப்பது நல்லது. அந்த இருட்டுக் காலத் தளர்ச்சிக்கு 1984இல் வைக்கப்பட்ட ‘சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர்’ என்ற மருத்துவப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் சேட் என்றே வருகிறது.

இவ்வளவு வினைகள் இருந்தும், டிஸ்கரேஜ் என்ற சொல்லை ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம் மறுப்பாகத்தான். ‘ஐ டோன்ட் வான்ட் டு டிஸ்கரேஜ் யூ, பட்’ என்று தொடங்கினால் வரப்போவது அதுவே. அறிவிப்புப் பலகைகளில் மட்டும் அது வெளிப்படையாக நிற்கும்: புறாக்களுக்கு இரை போடுவது ‘டிஸ்கரேஜ்ட்’. எங்கள் ஊர் அலுவலகங்களில் நேரே கையை விரித்துவிடுவார்கள். அந்த நாளே முகம் வாடும், அந்த நாளே வேறு வழி தேடத் தொடங்குவோம். என்.எச்.எஸ். ஊதியப் படிநிலையில் பேண்ட் 5 செவிலியராக இருந்துகொண்டு அடுத்த படியான பேண்ட் 6 பதவிக்கு நானும் கும்பகோணத்துத் தோழி ஒருத்தியும் விண்ணப்பித்தபோது, இருவருக்கும் வந்த கடிதங்கள் நன்றியில் தொடங்கி, பாராட்டில் வளர்ந்து, கடைசிப் பத்தியில்தான் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ (துரதிருஷ்டவசமாக), ‘ஆன் திஸ் அக்கேஷன்’ (இம்முறை) என்று மென்மையாக இறங்கின. தோழி கடிதத்தைப் பாதிவரை படித்துவிட்டு வேலை கிடைத்ததாகவே எண்ணியிருந்தாள். ‘இம்முறை’ என்பது அடுத்த முறைக்கான அழைப்பா, வெறும் மரியாதையா என்பதைக் கடிதத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. அதற்காகவே அங்கே ‘ஃபீட்பேக்’ கேட்கும் வழக்கம் இருக்கிறது. நான் கேட்டேன். நேர்காணல் எடுத்த அம்மையார், ‘டோன்ட் லெட் இட் புட் யூ ஆஃப்’ (இதனால் பின்வாங்கிவிடாதே) என்று சொன்னதோடு நிற்காமல், பதில்களில் நான் என் சொந்தப் பங்கைச் சொல்லாமல் ‘நாங்கள்’, ‘நாங்கள்’ என்றே பேசியதைச் சுட்டிக்காட்டி, அடுத்த காலியிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதியையும் சொன்னார்.