தபால் தேங்கக் கூடாது

"தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தபால் வேலை தேங்கக் கூடாது." நான் சொன்னது இவ்வளவுதான். எங்கள் பிரிவில் கடிதங்களைக் கவனித்துவந்த இளம்பெண், புதிதாகச் சேருகிறவர்களுக்கான பயிற்சிப் படங்களை நாமே எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வேறு எந்த மேலதிகாரி இதற்குமேல் இடம் கொடுத்திருப்பார்? போதாததற்கு, உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று, சினிமாவின் ஆரம்பகால இயக்குநரான ஆலிஸ் கீ என்ற பெண்ணின் கதையையும் எடுத்துவிட்டேன்.

1894இல் பாரிஸில் ஒரு புகைப்படக் கருவி நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தவர் ஆலிஸ். மறு ஆண்டு மார்ச்சில், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் திரையிடலை, அதே நிறுவனத்தில் வேலை பார்த்த லெயோன் கோமோனோடு போய்ப் பார்த்தார். ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதையே காட்டுவானேன், ஒரு கதையைப் படமாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நிறுவனத்தை வாங்கி முதலாளியாகியிருந்த கோமோன் சம்மதித்தார், அலுவலகக் கடிதங்கள் பாதிக்கப்படக் கூடாது என்ற நிபந்தனையோடு. முட்டைக்கோசுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுத்துத் தரும் தேவதையின் கதை அப்படித்தான் படமாயிற்று. எடுத்தது 1896இல் என்பது ஆலிஸின் கணக்கு. ஆய்வாளர்கள் இன்னும் அதில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "படம் யார் பெயரில் வந்தது, சார்?" என்றார்.

"கம்பெனி பெயரில்தான்."

"சரி, சார்." கையெழுத்துக்கான கடிதங்களை, அவசரமானவை மேலே இருக்கும்படி அடுக்கி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் 'சரி'யில் குத்தல் ஏதும் இல்லை என்றே அன்று நினைத்தேன். படங்கள் நன்றாக வந்தன. ஆண்டறிக்கையில் 'பயிற்சிப் பிரிவின் தயாரிப்பு' என்று ஒரு வரி வந்தது. தனிநபர் பெயர் போடுவது அங்கே வழக்கமில்லை; வழக்கத்தை உண்டாக்கியவன் நானில்லை. அடுத்த ஆண்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம் என்றார்கள். காரணம் அதுவாகவே இருக்கலாம்.

கோமோனையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. தட்டச்சு செய்தவரைத் தயாரிப்புக்கே தலைவராக்கியவர் அவர். 1906இல் கிறிஸ்துவின் வாழ்க்கையை 25 காட்சிகளில், சுமார் 300 துணை நடிகர்களோடு ஆலிஸ் எடுத்தது அவருடைய பணத்தில்தான். பிறகு அமெரிக்காவில் 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனம், நியூ ஜெர்சியில் ஸ்டூடியோ, 'இயல்பாக இருங்கள்' என்று அங்கே நடிகர்களுக்காக ஓர் அறிவிப்பு. இந்தத் துணிச்சலுக்கெல்லாம் அந்த முதல் அனுமதி வேண்டியிருந்தது அல்லவா? ஆனால் 1922இல் பிரான்ஸுக்குத் திரும்பியவருக்குப் படவேலை கிடைக்கவில்லை. கோமோன் நிறுவனத்தின் வரலாறு எழுதப்பட்டபோது அதில் அவர் பெயரே இல்லை. தன் பழைய முதலாளிக்கு அவரே கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. திருத்துவதாக முதலாளியும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதில் என்ன சிரமம்?

எங்கள் பயிற்சிப் படங்கள் இன்றும் ஓடுகின்றன. அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்க்கும்படி தலைமையகத்துக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால், அப்போதே ஏன் கேட்கவில்லை என்பார்கள். இன்னும் அனுப்பவில்லை.