செங்கல் இல்லாத ப்ராஜெக்ட் ரிப்போர்ட்

காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் மரச்செக்கு போட லோன் கேட்டுப் போனேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் ஏழாம் பக்கத்தில் "செங்கல்லுக்கு இப்பகுதியில் நல்ல கிராக்கி உள்ளது" என்று இருந்தது. மேனேஜர் அந்த வரியில் விரலை வைத்து, "செக்குல செங்கலும் ஆட்டுவீங்களா மேடம்?" என்றார். 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர், யாருக்கோ போட்ட சூளை ரிப்போர்ட்டில் பேரை மட்டும் மாற்றியிருக்கிறார். படித்துப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனது என் தப்பு.

இனி நானே எழுதிக்கொள்வது என்று பிசினஸ் பிளான் மென்பொருள்களைத் தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடியது.

முதலில் என் கணக்கு. புதுத் தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டம், 20 லட்சம் ப்ராஜெக்ட். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண் என்பதால் சொந்தப் பணம் 5% போதும், அதாவது 1 லட்சம். மீதி 19 லட்சம் வங்கிக் கடன். மானியம் 35%, 7 லட்சம். அந்த 7 லட்சம் நம் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு நம்மிடமும் வட்டி வாங்க மாட்டார்கள். பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள்.

அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் மென்பொருளில் தொடங்கினேன். எழுத்துப் பகுதிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. "உங்கள் வாடிக்கையாளருக்கு இப்போது என்ன பிரச்சினை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுத வைக்கும். பாக்கெட் எண்ணெயை நம்பாதவர்கள் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் போய் ஆட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று அதற்காகத்தான் உட்கார்ந்து விசாரித்தேன். கணக்குப் பக்கம் போனதும் சிக்கல். 19,00,000 என்று அடித்தால் 1,900,000 என்று நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மானியத்தை அது முதல் மாத வருமானமாக எடுத்துக்கொண்டது! முதல் வருஷ லாபத்தில் 7 லட்சம் கூடுதலாக ஏறியது. எடுத்துவிட்டால் 19 லட்சத்துக்கும் வட்டி, தவணை போட்டது.

வங்கிக்காரர்கள் முதலில் பார்ப்பது டி.எஸ்.சி.ஆர். ஒரு வருஷத்தில் தொழிலில் நிற்கும் பணம், அந்த வருஷம் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் அது. எங்கள் மேனேஜர் 1.5 வேண்டும் என்றார். 19 லட்சத்துக்குப் போட்டால் எனக்கு 1.14. மானியம் 7 லட்சம் போக நிஜமாக நான் சுமக்கப்போகும் 12 லட்சத்துக்குப் போட்டால் 1.78. ஒரே செக்கு, ஒரே கடலை.

அடுத்தது நம் நாட்டு வங்கிக் கடனுக்கென்றே செய்த ஒன்று. டி.எஸ்.சி.ஆர்., சி.எம்.ஏ. டேட்டா என்று வங்கி கேட்கும் கணக்கு அட்டவணைகள், லோன் தவணைக்கு ஆறு மாத விடுமுறை, வருஷம் 15% தேய்மானம் எல்லாம் இருந்தது. மார்க்கெட் பகுதியை மட்டும் தானே எழுதிக் கொடுத்தது. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் வாசகங்கள். செங்கல் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு நானே எழுதினேன்.

அதில் புண்ணாக்குக்கு இடமில்லை. 100 கிலோ கடலைப் பருப்பு ஆட்டினால் 40 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய், பாதிக்கு மேல் புண்ணாக்கு. அதை விட்டுவிட்டால் இந்தத் தொழிலில் லாபமே தெரியாது. கடைசியில் புண்ணாக்கைத் தனிப் பொருளாகச் சேர்த்து, மூலப்பொருள் செலவு பூஜ்யம் என்று போட்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். கடலை விலையைக் கிலோவுக்கு 10 ரூபாய் ஏற்றிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது. அமெரிக்கக்காரன் விற்பனையில் இத்தனை சதவீதம் செலவு என்றுதான் கேட்டிருந்தான், அதனால் விலையை ஏற்றவே வழியில்லை. இரண்டாவதில் லாபம் குறைந்தது, ஆனால் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், அசையவில்லை. அது தனிப் பெட்டி, நான்தான் மாற்ற வேண்டும். அறுவடை நேரத்தில் மொத்தமாகக் கடலை வாங்கிப் போடுகிறவளுக்கு அதுதானே கழுத்தைப் பிடிக்கும் இடம்? அந்த ஒரு கணக்கை மட்டும் எக்செல்லில் மாதவாரியாகப் போட்டேன். காதி கமிஷன் தளத்தில் இருக்கும் மாதிரித் திட்ட அறிக்கைகள் இதற்கு உதவின, இலவசம் வேறு.

இன்னொன்று, 'இலவச டிரையல்' என்பதில் பிரின்ட் எடுப்பது சேராது. எல்லாம் முடித்துவிட்டு பி.டி.எஃப். இறக்கினால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கம்பெனி பேர். முதல் நாளே ஒரு பக்கம் இறக்கிப் பாருங்கள்.

இரண்டாம் முறை போனபோது மேனேஜர் என் இருபது பக்க எழுத்தைத் தொடவில்லை. நேராகப் பின்பக்க அட்டவணைக்குப் போனார். "புண்ணாக்கு யார் எடுப்பாங்க?" என்றார். மாட்டுக்காரர்கள் இரண்டு பேரின் கடிதத்தை நீட்டினேன். "கடலை விலை ஏறினா?" லேப்டாப்பைத் திறந்து 10 ரூபாய் ஏற்றிக் காட்டினேன். டி.எஸ்.சி.ஆர். 1.5-க்குக் கீழே இறங்கியது. ஒளிக்கவில்லை. எவ்வளவு விலை வரை தாங்கும் என்று அவரே இரண்டு மூன்று எண் போட்டுப் பார்த்துவிட்டு, மெஷின் கொட்டேஷன் கேட்டார்.

லோன் வந்துவிட்டது, செக்கும் ஓடுகிறது. அந்த 8,000 மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால், "செங்கல் ஒரு பக்கந்தானுங்களே" என்கிறார்.