ஃபிலடெல்ஃபியா, மார்ச்–ஏப்ரல்

மார்ச் 16, 2025
வெனிசுவேலாக்காரர்களை விமானத்தில் ஏற்றி எல் சால்வடார் சிறையில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அதற்குக் காட்டிய சட்டம் 1798-இல் போட்டது! அந்நியப் பகைவர் சட்டம். இன்னும் உயிரோடு இருக்கிறது. தூக்கமே வரவில்லை.

மார்ச் 18
குடியுரிமை இன்டர்வியூவுக்கான கடிதம் வரவில்லை.

மார்ச் 22
மார்க்கெட் தெருவுக்குப் போனேன். பெஞ்சமின் ஃபிராங்ளினின் பேரன் பேச் என்பவர் 'அரோரா' பத்திரிகை நடத்திய இடம். அன்றைய அதிபர் ஆடம்ஸை விடாமல் விமர்சித்தவர். அரசை இகழ்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1798 ஜூலை 14-இல்தான் கையெழுத்தானது. அதுவரைகூடப் பொறுக்காமல் ஜூனிலேயே கைது செய்தார்கள். வழக்கு நடக்கும் முன்பே, செப்டம்பரில், மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார். 29 வயது. என் தம்பி வயது.

மார்ச் 23
"பழைய போஸ்ட் எல்லாத்தையும் அழிச்சிடு. சிட்டிசன்ஷிப் கைக்கு வரட்டும், அப்புறம் எழுதிக்கோ." கணவரிடமிருந்து மறுபடியும் அதே பேச்சு. நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 29
குடியுரிமைக்கு 5 வருஷம் என்றிருந்ததை 1798 ஜூனில் 14 ஆக்கினார்கள். பிரான்சோடு போர் மூளும் என்ற பயம் ஊரெல்லாம் இருந்தது, உண்மைதான். ஆனால் வந்து இறங்கிய ஐரிஷ்காரர்கள் பெரும்பாலும் எதிர்க்கட்சித் தலைவர் ஜெஃபர்சன் பக்கம் சாய்ந்தார்கள். ஆடம்ஸின் கட்சிக்காரர்களான ஃபெடரலிஸ்டுகளுக்கு அந்த ஓட்டு உறுத்தியது. புதிதாக வந்தவனுக்கு ஓட்டு கிடைக்காமல் பார்த்துக்கொண்டு, அடுத்த மாதமே இங்கிருப்பவன் வாயையும் கட்டினார்கள். அதிபரை இகழ்ந்தால் குற்றம், காங்கிரஸை இகழ்ந்தால் குற்றம். துணை அதிபரை? தாராளமாக இகழலாம். ஏனென்றால் துணை அதிபர் ஜெஃபர்சன். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3, ஆடம்ஸ் பதவியின் கடைசி நாள். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பிரதிநிதிகள் சபையில் இது நிறைவேறியது 44-க்கு 41 என்று. மூன்றே ஓட்டு!

ஏப்ரல் 1
கடிதம் இல்லை. அம்மா போனில், "அங்க எதையும் பேசி வைக்காதடி."

ஏப்ரல் 8
அந்நியப் பகைவர் சட்டத்தை வைத்து வெளியேற்றக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்ட தடையை நேற்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது, 5-4. ஆனால் வெளியேற்றும் முன் நோட்டீஸ் தந்தாக வேண்டும் என்பதில் ஒன்பது பேரும் ஒன்று. அதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12
மேத்யூ லயன். அயர்லாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த பையன், வெர்மான்ட்டின் காங்கிரஸ் உறுப்பினரானான். அதிபருக்கு ஆடம்பர மோகம் என்று எழுதியதற்கு நான்கு மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். வெர்மான்ட் மக்களே, நன்றி! 1802-இல் குடியுரிமைக்கான அந்த 14 வருஷம் மறுபடி 5 ஆனது.

ஏப்ரல் 14
லயனின் அபராதத்தைக் காங்கிரஸ் 1840-இல் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்ததாம். அவர் செத்து 18 வருஷம் கழித்து. 'அரோரா' நடத்திய பேச் இழந்ததை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஏப்ரல் 17
இன்டர்வியூ தேதி வந்துவிட்டது. இப்போதாவது அழி என்கிறார். முடியாது என்றேன். இந்த நாட்குறிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.